முதல் பந்தய டிங்கிக்குக் காப்பீடு: பிரிட்டனில் பாய்மரப் படகு ஓட்டத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் பாய்மரப் படகுக் கிளப் ஒன்றில் சேர்ந்து, பழைய டிங்கி ஒன்றை வாங்கி, அதைக் கிளப்பின் படகுத் திடலில் கொண்டுபோய் நிறுத்திய சில நாட்களிலேயே கிளப் செயலாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். காப்பீட்டுச் சான்றிதழின் நகலை அனுப்புங்கள் என்று அதில் கேட்டிருப்பார்கள். காருக்கு இருப்பதுபோல் பாய்மர டிங்கிக்குக் காப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் கிளப்பும், பந்தயம் நடத்தும் அமைப்பும், கிளப்புக்கு நீர்த்தேக்கத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் நிறுவனமும் அதைக் கேட்பதால், காப்பீடு இல்லாமல் தண்ணீரில் இறங்கவே முடியாது என்பதுதான் நடைமுறை. பிரீமியமோ சில ஆண்டுகளாக ஏறிக்கொண்டே இருக்கிறது. புதியவர் ஒருவர் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

டிங்கி என்று இங்கே குறிப்பிடுவது ஒருவரோ இருவரோ ஓட்டும், அடியில் கீல் என்னும் கனமான எடைப்பகுதி இல்லாத, கரையில் தள்ளுவண்டியில் வைத்து இழுத்துச் செல்லக்கூடிய சிறு திறந்த பாய்மரப் படகை. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டிய லேசர் ரேடியல் இந்த வகைதான். இன்று அதற்கு ஐ.எல்.சி.ஏ. 6 என்று பெயர். பிரிட்டனின் கிளப்புகளில் அதே குடும்பத்துப் படகுகளோடு, ஜாக் ஹோல்ட் வடிவமைத்த எண்டர்பிரைஸ், சோலோ, மிரர் போன்ற பழைய வகைகளும், 2014இல் வந்த ஆர்.எஸ். ஏரோ போன்ற புதிய வகைகளும் ஒரே திடலில் வரிசையாக நிற்கும். சில நூறு பவுண்டுக்கு வாங்கிய படகும் பல ஆயிரம் பவுண்டுப் படகும் ஒரே தொடக்கக் கோட்டில் முட்டிமோதும் விளையாட்டு இது. காப்பீட்டுச் சிக்கலின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

முதற்படி: பாலிசியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்

எந்த டிங்கி பாலிசியை எடுத்தாலும் அதற்குள் இரண்டு வேறுபட்ட பொருள்கள் இருக்கும். ஒன்று, உங்கள் படகால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்குமான மூன்றாம் நபர் பொறுப்பு. மற்றொன்று, உங்கள் படகுக்கே நேரும் சேதம், திருட்டு, முழு இழப்பு. கிளப் கேட்பது முதலாவதை மட்டுமே. இரண்டாவது முழுக்க முழுக்க உங்கள் விருப்பம். விலைப்பட்டியல் இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக வருவதால், பலர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமலே ஆண்டுதோறும் பணம் கட்டிவருகிறார்கள். எனவே விலை கேட்கும்போதே, மூன்றாம் நபர் பொறுப்புக்கு மட்டும் எவ்வளவு, முழுக் காப்பீட்டுக்கு எவ்வளவு என்று இரண்டு விலைகளைத் தனித்தனியே கேளுங்கள். எல்லா நிறுவனங்களும் பொறுப்புக் காப்பீட்டைத் தனியே விற்பதில்லை; விற்பவை இருக்கின்றன, தேடிப் பிடிக்க வேண்டும்.

வீட்டுப் பொருள் காப்பீட்டிலேயே தனிநபர் பொறுப்பு அடங்கியிருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அந்தப் பாலிசியின் விலக்குகளைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் படகுகள் பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கும்.

இரண்டாம் படி: பிறருக்கான பொறுப்பில் சிக்கனம் வேண்டாம்

கிளப்புகளும் பந்தய அறிவிப்புகளும் பொதுவாக 20 லட்சம் அல்லது 30 லட்சம் பவுண்டு மூன்றாம் நபர் பொறுப்பைக் கேட்கின்றன. ஒரு குட்டிப் படகுக்கு இத்தனை பெரிய தொகையா என்று முதலில் எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. என் முதல் பருவத்தின் மார்ச் மாதத்தில் நடந்த ஒரு பந்தயம் அந்த வியப்பைத் தீர்த்துவைத்தது. காற்று இடப்பக்கத்திலிருந்து அடிக்கும் வாக்கைப் போர்ட் டேக் என்றும், வலப்பக்கத்திலிருந்து அடிக்கும் வாக்கை ஸ்டார்போர்டு டேக் என்றும் சொல்வார்கள்; போர்ட் டேக்கில் வருபவர்தான் மற்றவருக்கு வழிவிட வேண்டும். ஸ்டார்போர்டு டேக்கில் வந்துகொண்டிருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் போர்ட் டேக்கில் வந்தவன் நான். விலகிச் செல்ல வேண்டியவனும் நானே. பாயின் கீழ்விளிம்புக்கு அப்பால் பார்க்காமல் இருந்துவிட்டேன். "ஸ்டார்போர்டு!" என்ற கூச்சல் கேட்டபோது இரண்டு படகு நீளம்கூட மிச்சமில்லை. என் பழைய லேசரின் அணியம் எதிரே வந்த புத்தம்புதிய படகின் பக்கவாட்டில் ஏறியது. முட்டை ஓட்டைக் கரண்டியால் தட்டியதுபோல் ஒரு சத்தம். பின்வாங்கிப் பார்த்தால் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. என் படகின் மேற்பூச்சான ஜெல்கோட்டில் ஒரு கீறல் மட்டும் விழுந்திருந்தது. எதிர்ப் படகை வாரக்கணக்கில் உலரவைத்து, உள்ளே இருக்கும் நுரை அடுக்கை வெட்டி எடுத்து, புதிதாக ஒட்டி, நிறம் பொருத்தி, அதன்மேல் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் சேர்த்து வந்த பழுதுபார்ப்புக் கட்டணம், நான் என் படகை வாங்கிய விலையைவிட அதிகம். எனக்குக் காப்பீடு இருந்தது. இல்லாதிருந்தால் அந்த ஆண்டோடு விளையாட்டையே விட்டிருப்பேன்.

படகுச் சேதத்துக்கு ஒரு வரம்பு உண்டு. மனிதக் காயத்துக்குக் கிடையாது. பாயின் அடிப்பகுதியைத் தாங்கும் பூம் என்ற கட்டை தலையில் அடித்து ஒருவர் வாழ்நாள் முழுவதும் பராமரிப்பில் இருக்க நேர்ந்தால், நீதிமன்றம் வருங்காலச் செலவுகளைக் கணக்கிட்டு மொத்தத் தொகையாக வழங்கும். அந்தத் தொகையை முதலீடு செய்தால் எவ்வளவு வருமானம் வரும் என்று அரசு நிர்ணயிக்கும் விகிதத்தைக் கொண்டு தொகையைக் குறைப்பார்கள். ஆக்டன் விகிதம் என்று அதைச் சொல்வார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 முதல் 2.5 சதவீதமாக இருந்த இந்த விகிதம், 2017 மார்ச்சில் ஒரேயடியாக மைனஸ் 0.75 சதவீதத்துக்கு இறக்கப்பட்டது. விகிதம் இறங்கினால் இழப்பீடு ஏறும்; இழப்பீடு ஏறினால் பொறுப்புக் காப்பீட்டின் அடக்கவிலையும் ஏறும். 2019 ஆகஸ்டில் அது மைனஸ் 0.25 ஆகவும், 2025 ஜனவரியில் 0.5 சதவீதமாகவும் மாற்றப்பட்டது என்றாலும், பழைய 2.5க்கு அது திரும்பவில்லை.

பந்தயத்தில் மோதியவர் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கருத்துக்கு வயது நூறைத் தாண்டும். 1894இல் ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்று முகத்துவாரத்தில், பந்தயம் தொடங்குவதற்கு முன் இடம்பிடிக்கும் பரபரப்பில், சாடனிட்டா என்ற பெரும் பந்தயப் படகு டன்ரேவன் பிரபுவின் வால்கிரி படகின்மேல் மோதி அதை மூழ்கடித்தது. கப்பல் சட்டம் அன்று பொறுப்பை டன்னுக்கு 8 பவுண்டு என்று வரம்பிட்டிருந்தது. மோதியவரின் தரப்பு அந்த வரம்புக்குள் ஒதுங்கப் பார்த்தது. ஆனால் இருவரும் பந்தயத்தில் நுழையும்போதே, விதியை மீறுபவர் எல்லாச் சேதத்துக்கும் பொறுப்பு என்று சொல்லும் யாட் பந்தயச் சங்க விதிகளுக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கையெழுத்து அவர்களுக்கிடையே ஓர் ஒப்பந்தத்தை உருவாக்கிவிட்டது, எனவே முழுச் சேதத்தையும் கொடுக்க வேண்டும் என்று, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1897இல் தீர்ப்பளித்தது. ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். நுழைவுப் படிவத்தில் நீங்கள் இடும் கையெழுத்தை வெறும் சம்பிரதாயமாக எண்ண வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

மூன்றாம் படி: சொந்தப் படகுக்குக் காப்பீடு வேண்டுமா என்று கணக்குப் போடுங்கள்

இங்கேதான் பணத்தை மிச்சப்படுத்த முடியும், இங்கேதான் பெரும்பாலோர் கணக்குப் போடுவதில்லை. கணக்குக்காக, உங்கள் பழைய படகின் சந்தை மதிப்பு 800 பவுண்டு என்றும், எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு இழப்பீட்டுக் கோரிக்கையிலும் நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை, 150 பவுண்டு என்றும் வைத்துக்கொள்வோம். படகு முழுதாகத் தொலைந்தாலும் கைக்கு வருவது 650 பவுண்டுதான். பொறுப்புக்கு மட்டும் 40 பவுண்டும் முழுக் காப்பீட்டுக்கு 100 பவுண்டும் ஒரு நிறுவனம் கேட்டால், அந்த 650ஐக் காப்பதற்கு ஆண்டுக்கு 60 பவுண்டு கூடுதலாகக் கட்டுகிறீர்கள். கோரிக்கை வைத்தால், அதுவரை சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி போகும், அடுத்த ஆண்டுப் பிரீமியம் ஏறும். அந்த 60ஐத் தனியே எடுத்துவைத்தால், மூன்றே ஆண்டுகளில் ஒரு பழைய பாயும் சுக்கானும் வாங்கிவிடலாம். இந்த நிலையில் இருப்பவருக்கு நான் சொல்வது: பொறுப்புக் காப்பீட்டை மட்டும் எடுங்கள், படகைத் தரையோடு நன்றாகக் கட்டிவையுங்கள்.

படகின் விலை 6,000 பவுண்டு என்றால் கணக்கு தலைகீழாகும். கார்பன் பாய்மரம் ஒன்று முறிந்தாலே பழைய டிங்கி ஒன்றின் விலை போய்விடும். அத்தகைய படகைக் காப்பீடு இல்லாமல் நிறுத்திவைக்க எனக்கு நெஞ்சுரம் போதாது. எந்த விலையில் கோடு கிழிப்பது என்பது அவரவர் வருமானத்தைப் பொறுத்தது. படகு நாளைக்கே தொலைந்தால் கடன் வாங்காமல் இன்னொன்று வாங்க முடியுமா என்பதுதான் என் அளவுகோல்.

பிரீமியம் ஏறியதற்கு, மேலே சொன்ன ஆக்டன் விகிதத்தோடு வேறு சில காரணங்களும் உண்டு. லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை 2018இல் தன் சிண்டிகேட்டுகளிடம், அதாவது அங்கே காப்பீடு விற்கும் குழுக்களிடம், மிகவும் நட்டம் தரும் பத்தில் ஒரு பங்கு வணிகத்தைச் சீர்செய்யுமாறு கேட்டது. உல்லாசப் படகுகளும் நட்டப் பிரிவுகளில் இருந்தமையால் சில சிண்டிகேட்டுகள் அந்தத் தொழிலையே விட்டு வெளியேறின. எஞ்சியவை விலையை ஏற்றின. அரசின் பங்கும் உண்டு: காப்பீட்டுப் பிரீமிய வரி 2015 நவம்பர் வரை 6 சதவீதமாக இருந்து, 9.5, பின்னர் 10 என்று ஏறி, 2017 ஜூனிலிருந்து 12 சதவீதமாக நிற்கிறது. நிறுவனம் ஒரு பென்னிகூட ஏற்றாவிட்டாலும், 106 பவுண்டாக இருந்த கட்டணம் வரியால் மட்டுமே 112 ஆகியிருக்கும்.

நான்காம் படி: விலக்குகளை முதலில் படியுங்கள்

பாலிசியின் முதல் பக்கத்தில் என்னென்ன கிடைக்கும் என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் தேட வேண்டிய சொல் "பந்தயம்". உல்லாசப் படகுகளுக்கென 1985இல் வகுக்கப்பட்ட இன்ஸ்டிடியூட் யாட் கிளாஸஸ் என்னும் பழைய மாதிரி வாசகத்தில், பந்தயத்தின்போது பாய், பாய்மரம், கயிறுகள் ஆகியவற்றுக்கு ஏற்படும் சேதம் விலக்கப்பட்டிருந்தது; தரைதட்டல், மூழ்கல், தீ, மோதல் போன்றவற்றால் நேர்ந்தால் மட்டுமே விதிவிலக்கு. காற்றின் வேகத்தில் மட்டும் பாய்மரம் முறிந்தால் கையில் ஒன்றும் வராது. டிங்கிக்கென்றே எழுதப்பட்ட பாலிசிகள் பொதுவாகப் பந்தயத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. பொதுப் படகுப் பாலிசி ஒன்று மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுப்பவர், மேற்சொன்ன விலக்கு அதில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது, படகு சும்மா நிற்கும்போது நேரும் சேதம். டிங்கிகள் தண்ணீரில் கழிப்பதைவிடக் கரையில் கழிக்கும் நேரமே மிகுதி. 2022 பிப்ரவரி 18 அன்று வீசிய யூனிஸ் புயலில் ஐல் ஆஃப் வைட்டின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 122 மைல் வேகம் பதிவாயிற்று. இங்கிலாந்தில் அதுவரை பதிவானதில் அதுவே உச்சம். அத்தகைய காற்றில் 59 கிலோ எடையுள்ள ஒரு லேசரின் உடல், கட்டப்படாவிட்டால், பக்கத்துப் படகின்மேல் போய் விழும். அப்போது அது உங்கள் சேதம் மட்டுமன்று, பிறருக்கான பொறுப்பாகவும் மாறலாம். பாலிசிகள் பல, படகு தரையில் பதித்த வளையங்களோடு கட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வைக்கின்றன. மெல்லிய கயிறு போதாது. அகலமான நாடாவை உடலுக்குக் குறுக்கே போட்டு இருபுறமும் இறுக்க வேண்டும். நாடா கொக்கியில் நுழையும் இடத்தில்தான் வெயிலால் நைந்து நூல் பிரியத் தொடங்கும். அக்டோபரில் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்து, பிசிறு தட்டினால் மாற்றிவிடுங்கள். கட்டிய நிலையில் ஒரு படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொண்டால், பின்னர் வாக்குவாதம் தேவைப்படாது.

திருட்டுக்கு, பூட்டை உடைத்த அடையாளம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமானது. சாலை டிரெய்லருக்குச் சக்கரப் பூட்டு கேட்பார்கள். காரோடு இணைத்து இழுக்கும்போது டிரெய்லர் பிறருக்கு விளைவிக்கும் சேதம் பொதுவாகக் கார்க் காப்பீட்டின்கீழ் வரும், ஆனால் டிரெய்லர்மேல் இருக்கும் உங்கள் படகு அதில் வராது. தேய்மானம், நாட்பட்ட பழுது ஆகியவற்றுக்கு எவரும் கொடுக்க மாட்டார்கள். இத்தாலியின் கார்டா ஏரியில் பந்தயம் ஓட்டும் ஆசை இருந்தால், வெளிநாட்டில் எத்தனை நாட்களுக்குப் பாலிசி செல்லும் என்பதையும் பார்த்துவையுங்கள். உங்கள் மகளோ நண்பரோ படகை ஓட்டினால் செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம், 2012 என்ற பிரிட்டிஷ் சட்டத்தின்படி, கேட்கப்படும் கேள்விகளுக்குத் தவறான தகவல் தராமல் நியாயமான கவனத்தோடு பதிலளிக்க வேண்டியது உங்கள் கடமை. தெரிந்தே பொய் சொன்னால் பாலிசியையே நிறுவனம் செல்லாததாக்கலாம். கவனக்குறைவால் தவறினால், சரியான தகவல் தந்திருந்தால் வாங்கியிருக்கும் பிரீமியத்தின் விகிதத்துக்கு இழப்பீட்டைக் குறைக்கலாம். கிளப் பந்தயம் மட்டும் ஓட்டுவேன் என்று எழுதிவிட்டுத் தேசியப் போட்டிக்குப் போவது, பழைய கோரிக்கையை மறைப்பது போன்றவை சில பவுண்டுகளை மிச்சப்படுத்தப் போய் ஆயிரங்களை இழக்கும் வேலை.

மதிப்பும் அப்படியே. 3,000 பவுண்டுப் படகை 1,500 என்று எழுதிப் பிரீமியத்தைக் குறைத்தால், பாதிச் சேதத்துக்கு மட்டுமே பணம் தரும் பாலிசிகள் உண்டு. ஒப்புக்கொண்ட மதிப்பா, அன்றைய சந்தை மதிப்பா என்று கேளுங்கள். சந்தை மதிப்பு என்றால், நீங்கள் கொடுத்த விலைக்கு அங்கே மதிப்பில்லை. அதே வகைப் படகு அன்று என்ன விலைக்குப் போகிறது என்பதே கணக்கு.

ஆறாம் படி: புதுப்பிக்கும் கடிதம் வந்தவுடன் சந்தையைப் பாருங்கள்

வீட்டுக்கும் காருக்கும், பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிட அதிகம் வாங்கக் கூடாது என்ற விதியை பிரிட்டனின் நிதித்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான நிதி நடத்தை ஆணையம் 2022 ஜனவரி 1 முதல் கொண்டுவந்தது. படகுக் காப்பீடு அந்த விதிக்குள் வராது. எனவே ஆண்டுதோறும் சத்தமின்றிச் சிறிது சிறிதாக ஏற்றுவதற்கு இங்கே இன்னும் இடமிருக்கிறது. ஆனால் புதுப்பிக்கும் கடிதத்தில் கடந்த ஆண்டின் பிரீமியத்தையும் அச்சிட வேண்டும் என்பது 2017 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக்கும் உள்ள கட்டாயம். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டிங்கிக்கென்றே பாலிசி விற்கும் மூன்று இடங்களிலாவது விலை கேளுங்கள். அந்த விலையைச் சொல்லிப் பழைய நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தால் பெரும்பாலும் ஏதேனும் குறைப்பார்கள். புதிய நிறுவனம் ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

எக்ஸஸை உயர்த்துவது, ஒரே குடும்பத்தின் இரண்டு படகுகளை ஒரே பாலிசியில் சேர்ப்பது, மாதத் தவணைக்குப் பதிலாக ஒரேயடியாகக் கட்டி வட்டியைத் தவிர்ப்பது ஆகியவை சிறு சிக்கனங்கள். பெரிய சிக்கனம் ஒன்று உண்டு, புதியவருக்கு மட்டும் பொருந்துவது: முதல் பருவம் முழுவதும் கிளப்பின் படகையே வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். அதற்குக் கிளப்பே காப்பீடு செய்திருக்கும். நீங்கள் ஏற்க வேண்டிய எக்ஸஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்.

ஏழாம் படி: மோதிவிட்டால்

முதலில் மனிதர்களைப் பாருங்கள், பிறகு படகுகளை. தவறு உங்களுடையது என்று தெரிந்தால், விதிப்படி படகை இருந்த இடத்திலேயே முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள்; அதுவே தண்டனை. கடும் சேதமோ காயமோ ஏற்பட்டிருந்தால் சுற்றுப் போதாது, பந்தயத்திலிருந்து விலக வேண்டும். இப்படிச் செய்தால் தவற்றை ஒப்புக்கொண்டதாகி, காப்பீட்டில் சிக்கல் வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. தண்டனையை ஏற்பதோ விலகுவதோ மட்டுமே சேதத்துக்கான பொறுப்பை ஒப்புக்கொள்வதாகாது என்று பிரிட்டனின் தேசியப் பாய்மரப் படகு அமைப்பான ஆர்.ஒய்.ஏ. தன் துணை விதியில் தெளிவாக்கியிருக்கிறது. சேத வழக்குகள் நீதிமன்றத்துக்குரியவை, பந்தய விசாரணைக் குழுவுக்குரியவை அல்ல என்றும் அது சொல்கிறது. ஆனால் கரையேறியபின், "கவலைப்படாதீர்கள், முழுச் செலவையும் நான் தருகிறேன்" என்று வாயால் சொல்லிவிடாதீர்கள். பொறுப்பை ஏற்கும் வாக்குறுதியைத் தங்கள் அனுமதியின்றிக் கொடுக்கக் கூடாது என்று பாலிசியில் எழுதியிருப்பார்கள். நமக்கு இது கொஞ்சம் கல்நெஞ்சமாகத் தோன்றும். வருத்தம் தெரிவிப்பதற்குத் தடையில்லை. தொகையைப் பற்றித்தான் பேசக் கூடாது.

ஈரம் உலர்வதற்கு முன்பே இரு படகுகளையும் படமெடுங்கள். அருகில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்தால் ஓட்டையின் அளவு தெரியும். பாய் எண்கள், கண்டவர்களின் பெயர்கள், காற்றின் திசை, யார் எந்த டேக்கில் வந்தார் என்பதை அன்றிரவே எழுதிவையுங்கள். என் மோதலைப் பற்றி ஒரு வாரம் கழித்து எழுத உட்கார்ந்தபோது, எதிராளி என்ன கூவினார் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்கு உறுதியாக நினைவில்லை. நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள், அவர்கள் ஒப்புதல் தரும்வரை பழுதுபார்க்கச் சொல்லாதீர்கள்.

கோரிக்கையை மறுத்துவிட்டாலோ, உரியதைவிடக் குறைத்துக் கொடுத்தாலோ, முதலில் நிறுவனத்திடமே எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்யுங்கள். அவர்களுக்கு எட்டு வாரம் அவகாசம் உண்டு. இறுதிப் பதில் திருப்தியளிக்கவில்லை என்றால், அது வந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் நிதிக் குறைதீர்ப்பு அமைப்பான ஃபைனான்ஷியல் ஓம்புட்ஸ்மன் சர்வீஸிடம் கொண்டுபோகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.